டெக்னீஷியனும் விஞ்ஞானிதான்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

"படிப்பு முடிந்ததும் என்ன வேலைக்குப் போவதாக உத்தேசம்?"

பட்டப் படிப்பில் சேர்ந்த நாள் முதலாய் இந்தக் கேள்விக்குத் தப்பியவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவர் கேட்கிறார். கல்யாண வீட்டில் இலைக்குச் சாம்பார் ஊற்றுகிறவர் வாளியைக் கையில் பிடித்தபடியே கேட்கிறார். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் என்னிடம் இக்கேள்வி சற்று உரத்த குரலிலேயே கேட்கப்படுகிறது. சென்ற ஆண்டு வரை "டீச்சர்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த ஆண்டு உண்மையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். மூளையை ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பது என் விருப்பம்.

வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. "அதற்கு எதற்கடி மூன்று வருஷம்? பிளஸ் டூ முடித்து டி.எம்.எல்.டி. படித்திருந்தால் போதுமே!" என்றாள் ஒருத்தி. மற்றொருத்தி என் மேல் அக்கறை உள்ளவள். "மூளை மேல் ஆசை என்றால் பிஎச்.டி. முடித்து விஞ்ஞானி ஆகு. விஞ்ஞானிக்குக் குப்பி கழுவிக் கொடுக்கவா ஆசைப்படுவது?" என்று கடிந்துகொண்டாள். இருவர் சொன்னதும் வேறு வேறு போலத் தோன்றினாலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே. விஞ்ஞானம் தலையில் நடப்பது, கை அதற்கு வேலைக்காரன் என்பதே அந்த எண்ணம். அது பிழை என்பது என் கட்சி.

கடந்த கோடை விடுமுறையில், நம் ஆசிரியர் ஒருவரின் முயற்சியால், சென்னையில் ஒரு மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் மூன்று வாரம் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெரிய பேராசிரியரின் பக்கத்தில் நின்று பெரிய உண்மைகளைக் கேட்கப் போகிறேன் என்று எண்ணிப் போனேன். அவரை நான் கண்டது நான்கு முறை. மூன்று வாரமும் நான் நின்றது ஒரு டெக்னீஷியன் அக்காவின் பக்கத்தில்தான். அவரும் நம்மைப் போல ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர். பதினான்கு ஆண்டுகளாக எலியின் மூளையைச் சீவிக்கொண்டிருக்கிறார்.

சீவுவது என்று நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் செக்‌ஷன் எனப்படுவதற்கு அந்த அக்கா சொன்ன சொல் "சீவல்". பாக்குச் சீவலுக்குச் சொல்கிறோமே, அதே சொல்! சுண்டெலியின் மூளை அரை கிராம் கூட எடை வராது. ஒரு நிலக்கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரியது. அதை ரசாயனத்தில் பதப்படுத்திய பின், சர்க்கரைக் கரைசலில் போட்டு வைக்கிறார்கள். முதலில் மிதக்கும். சர்க்கரை உள்ளே ஊறிய பிறகு மெல்ல அடியில் போய் அமரும். அமர்ந்தால்தான் உறைய வைக்கலாம். அதற்கு முன் உறைய வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனிக் கூர்களாகி நரம்பணுக்களைக் கிழித்துவிடும். பிறகு கிரையோஸ்டாட் என்னும் குளிர்ப்பெட்டிக்குள், பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி அளவில், கத்தி முன் வைத்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் 40 மைக்ரான் கனத்தில் ஒரு சீவல் விழும். ஒரு மில்லி மீட்டரை இருபத்தைந்தாகப் பகுத்தால் வருவது அது. ஒரு மூளைக்கு முந்நூறு சீவல் வரும். குளிர் கூடினால் சீவல் நொறுங்கும். குறைந்தால் கத்தியில் அப்பிக்கொள்ளும். சரியான பதம் எது என்று கருவியின் முகப்பில் எண் காட்டுகிறதே என்றேன். "அந்த நம்பர் பெட்டியோட குளிர். மூளையோட குளிர் சக்கரத்தைச் சுத்தற கைக்குத்தான் தெரியும்," என்றார்.

எனக்கு உடனே என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பீடி சுற்றுகிறவர். ஊறப் போட்ட இலையை ஈரத் துணியில் சுற்றி வைப்பார். காய்ந்தால் சுற்றும்போது உடையும். ஈரம் மிஞ்சினால் பீடி நிற்காது. அந்தப் பதத்தை அம்மா விரல் நுனியால் தொட்டுத்தான் சொல்வார். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அம்மாவின் கை அறிந்ததை நான் இதுவரை அறிவு என்று எண்ணியதே இல்லை என்பதை அந்தக் குளிர்ப்பெட்டியின் முன் நின்றபோது உணர்ந்து வெட்கப்பட்டேன்.

ஆனால் கைத்திறன் மட்டும் என்றால் நான் இக்கட்டுரையை எழுத வந்திருக்க மாட்டேன். நடந்த வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

அங்கே எலியின் மீசையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. நமக்கு விரல் நுனி எப்படியோ அப்படி எலிக்கு மீசை. ஒவ்வொரு மீசை மயிருக்கும் மூளையின் மேற்பட்டையில் தனித்தனியே ஒரு சிறு அறை உண்டு. பீப்பாய் வடிவில் இருப்பதால் பீப்பாய் என்றே அதற்குப் பெயர். வூல்ஸியும் வான் டெர் லூஸும் 1970-இல் இதை வெளியிட்டார்கள். இடப்பக்க மீசையின் செய்தி வலப்பக்க மூளைக்கும், வலப்பக்க மீசையின் செய்தி இடப்பக்க மூளைக்கும் போகிறது. ஒரு பக்க மீசையை மட்டும் நாள்தோறும் கத்தரித்து வந்தால், அதற்குரிய மூளைப் பகுதியில் என்ன மாறுதல் நேரும் என்பதே அவர்களுடைய கேள்வி. சீவல்களுக்கு ஒருவகைச் சாயம் ஏற்றுகிறார்கள். சுறுசுறுப்பாய் வேலை செய்யும் பகுதி அடர்ந்த பழுப்பாகவும், சோம்பிய பகுதி வெளிறியும் தெரியும்.

சாயத் தட்டில் நீந்தும் சீவலைத் தூரிகையால் எடுக்கும்போது அது எப்படி வேண்டுமானாலும் புரண்டுகொள்ளும். அப்போது எது இடம், எது வலம்? மூளையின் இரு பாதிகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கின்றன. அதற்காகச் சீவும் முன்பே இடப்பக்கத்தில் குண்டூசியால் ஒரு துளை இடுவார்கள். பிறகு ஒவ்வொரு சீவலிலும் அந்தத் துளை ஒரு புள்ளியாய்த் தெரியும். புள்ளி உள்ள பக்கம் இடப்பக்கம். இத்தனை கோடி நரம்பணுக்களின் ஆராய்ச்சி ஒரு குண்டூசியை நம்பி நிற்கிறது!

இரண்டாம் வாரம் அந்தக் குண்டூசி வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று மூளைகளுக்குச் சரியாகச் செய்தேன். நான்காவதற்கு, எலி 11, வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது; பேசிவிட்டு வந்து துளையிட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டேன். சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் எடுத்துவைத்த பிறகுதான் புள்ளி இல்லை என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த ஆராய்ச்சியை நடத்திய மாணவர் நல்லவர். என்னைத் திட்டவில்லை. ஆறு மாத உழைப்பில் மொத்தம் இருந்ததே பதினாறு எலிகள்; ஒன்றை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. "அக்கா, ஒரு பக்கம் வெளிறியிருக்கே. அதுதானே மீசை கத்தரிச்சதுக்கு எதிர்ப்பக்கம்? பார்த்தாலே தெரியுது, அப்படியே குறிச்சுக்கலாமே?" என்றார்.

அக்கா சொன்னார்: "வெளிறுமா வெளிறாதான்னு தெரிஞ்சுக்கத்தானே தம்பி இந்த ஆராய்ச்சியே! விடையை வச்சுக்கிட்டு இடம் வலம் எழுதினா, அப்புறம் நாம எதைக் கண்டுபிடிச்சோம்?"

பிறகு நோட்டை எடுத்து எழுதினார். "எலி 11: துளை இடப்படவில்லை. இடம் வலம் உறுதி இல்லை. கணக்கில் சேர்க்கக் கூடாது." தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். கீழே என்னையும் கையெழுத்திடச் சொன்னார். ஓர் உயிர் என் மறதியால் வீணாயிற்று. (முதல் நாள் எலியை மயக்கி உயிர் எடுப்பதைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடவில்லை. எத்தனை எலி என்பதற்கே ஒழுங்குமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்று பின்னர் அறிந்தேன். எலி 11-இன் நினைவு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.)

பேராசிரியர் அந்த நோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து எலிகளோடு ஆராய்ச்சி தொடர்ந்தது.

இப்போது நான் கேட்கிறேன். அன்று அந்த அறையில் விஞ்ஞானியாக நடந்துகொண்டவர் யார்?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். உமிழ்நீர் அமிலேஸ் நொதியின் வேகம் வெப்பநிலைக்கேற்ப எப்படி மாறுகிறது என்று ஒரு செய்முறை நமக்கு உண்டு. நாங்கள் அதைச் செய்த நாளில் வாட்டர் பாத் பழுது. வெந்நீரும் குழாய்த் தண்ணீரும் கலந்து ஏதோ ஒப்பேற்றினோம். பாதிக் குழாய்களில் அயோடின் போட்டதும் என்ன நிறம் வந்தது என்றே எவருக்கும் விளங்கவில்லை. ஆயினும் என்ன விந்தை! வகுப்பில் முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டுகளிலும் வளைகோடு 37 டிகிரியில் அழகாக உச்சி தொட்டு இறங்கியது. என் நோட்டிலும்தான். சீனியர் அக்காவின் நோட்டிலிருந்து எழுதிக்கொண்டேன். அவர் எவரிடமிருந்து எழுதினாரோ! சிவப்பு மையில் கையெழுத்தும் கிடைத்தது, பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் கிடைத்தது.

எலி 11-க்கு அந்த ஆராய்ச்சி மாணவர் செய்ய விரும்பியதற்கும், நாங்கள் அமிலேஸுக்குச் செய்ததற்கும் என்ன வேறுபாடு? அவருக்கு அப்படிச் செய்யத் தோன்றியதற்குக் காரணமே நம்முடையது போன்ற ரெக்கார்டு நோட்டுகள்தாம் என்று நான் ஐயுறுகிறேன். வரவேண்டிய விடையை எழுதப் பழகிய கை, வந்த விடையை எழுதத் தயங்குகிறது. "வாட்டர் பாத் பழுது, முடிவு கிடைக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்?

மூளை விஞ்ஞானத்தின் வரலாற்றையும் சற்றுப் பாருங்கள். அது பெரும்பாலும் கையின் வரலாறு. கமில்லோ கொல்கி என்ற இத்தாலிய மருத்துவர் 1873-இல் நரம்பணுவை முழு வடிவில் காட்டும் கருஞ்சாய முறையை வெளியிட்டார். அவருக்குப் பெரிய ஆய்வுக்கூடம் ஏதும் இல்லை. மிலான் அருகே ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வைத்துத்தான் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் வெள்ளி நைட்ரேட்டையும் கொண்டு அதைச் செய்தார். அம்முறையை எடுத்துப் பண்படுத்திய ஸ்பெயின் நாட்டுக் கஹால் இளமையில் நாவிதரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பப்பட்டவர். இருவருக்கும் 1906-இல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒரே சாயத்தைக் கொண்டு இருவரும் நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள் என்பது வேறு கதை. நரம்பு மண்டலம் முழுவதும் ஒரே வலை என்றார் கொல்கி. இல்லை, தனித்தனி அணுக்கள் என்றார் கஹால். கஹால் சொன்னதே நிலைத்தது.

1955-இல் ஐன்ஸ்டீன் காலமானார். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் தாமஸ் ஹார்வி அவர் மூளையை எடுத்து 240 துண்டுகளாக்கினார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அந்தத் துண்டுகளைச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளில் பதித்தவர் யார்? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டெக்னீஷியனாக இருந்த மார்த்தா கெல்லர் என்ற பெண்மணி. ஹார்வியின் பெயர் வினாடி வினாவில் வருகிறது. கெல்லரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இன்னொரு மூளை ஹென்றி மொலைசன் என்பவருடையது. பல்லாண்டு அவர் பெயர் மறைக்கப்பட்டு, எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாலேயே பாடநூல்களில் வாழ்ந்தார். வலிப்பு நோய்க்காக 1953-இல் அவருக்கு அறுவை செய்து மூளையின் இருபுறமும் ஒரு பகுதியை அகற்றினார்கள். அன்று முதல் புதிதாக எதையும் நினைவில் நிறுத்த இயலாமல் 2008 வரை வாழ்ந்தார். நினைவைப் பற்றி நாம் இன்று அறிந்ததில் பெரும்பகுதி அந்த ஒருவரிடமிருந்து வந்தது. 2009 டிசம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோவில் அவருடைய மூளையை 53 மணி நேரம் விடாமல் சீவி 2,401 சீவல்களாக்கினார்கள். இணையத்தில் அதை நேரடியாகவே காட்டினார்கள். ஒவ்வொரு சீவலையும் தூரிகையால் எடுத்து, வரிசை எண் மாறாமல் தனித்தனியே சேமித்தார்கள். ஹிப்போகேம்பஸில் கணிசமான பகுதி அகற்றப்படாமல் எஞ்சியிருந்ததை அச்சீவல்கள் ஐயமற உறுதிப்படுத்தின. முன்னர் யாரும் எதிர்பாராத ஒரு சிறு காயத்தையும் மூளையின் முன்பக்கத்தில் காட்டின. எங்கேனும் ஒரு கை அசந்து இரண்டு சீவல்களின் எண்ணை மாற்றியிருந்தால்?

கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. நம் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 சீவல்களாகப் படமெடுத்துத் தொகுத்து "தரணி" என்ற பெயரில் வெளியிட்டது. உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நானும் என் கைபேசியில் பார்த்தேன். மற்றவர்கள் அதில் மூளையைப் பார்ப்பார்கள். நான் மடிப்பு விழாத ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி, என் கட்சிக்கு எதிராகச் சொல்லத்தக்கதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த அக்காவுக்கு அது நிரந்தர வேலையாட்டி?" என்பது. இல்லை என்றேன். பதினான்கு ஆண்டுகளில் ஐந்து திட்டங்களில் அவர் வேலை பார்த்திருக்கிறார். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அடுத்த திட்டத்துக்குப் பணம் வருமா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் ஒருமுறையும் வந்ததில்லை. கட்டுரைக் கடைசியில், சிறிய எழுத்தில், நன்றி கூறும் இடத்தில் மூன்று முறை வந்திருக்கிறது. வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "இல்லைன்னு சொன்னா பொய்," என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் சொளகில் இருந்த பீடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். "நானும் முப்பது வருசமா சுத்துதேன். எனக்கும் எது நிரந்தரம்? ஒனக்காவது நிரந்தரமா ஒண்ணு வேணும்னுதான் படிக்க அனுப்புனேன்," என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டு கைப்பழக்கம் உள்ள ஒருவரை ஒரு திட்டத்தோடு அனுப்பிவிட்டு, அடுத்த திட்டத்துக்குப் புதிய ஆளைப் பிடித்துக் குளிரின் பதத்தை முதலிலிருந்து கற்றுக்கொடுப்பது ஆராய்ச்சிக்கே நட்டம் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்ல வேண்டியவர்கள் சொன்னால் கேட்கப்படும். நான் மலரில் எழுதுகிறேன்.

டெக்னீஷியனாக இருந்துகொண்டே மேலே படித்தவர்களும் உண்டு. ஒருவேளை நானும் படிக்கலாம். ஆனால் அந்த வேலையை ஒரு படிக்கட்டு என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில், இரண்டாம் தட்டில், பச்சைத் துணி போர்த்திய ஒரு மைக்ரோடோம் இருக்கிறது. இது குளிரில் சீவும் வகை அல்ல. மெழுகில் பதித்துச் சீவும் பழைய வகை. ஆண்டுதோறும் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு அது எண்ணப்படுகிறது, ஒருமுறையும் சுழற்றப்படுவதில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம் நியாயமானதே. ஆய்வுக்கூட அண்ணனிடம் கேட்டுப் பார்த்தேன். கத்தி துருப்பிடித்துவிட்டது, ஆனால் சக்கரம் சுற்றுகிறது என்றார். இளமையில் அதில் சீவியிருக்கிறாராம். எங்கள் வகுப்பில் எவருக்கும் அது தெரியாது. அவரிடம் எவரும் கேட்டதும் இல்லை.

புதிய கத்தி ஒன்றும், மெழுகும், ஆல்கஹாலும், சைலீனும், கிரெசில் வயலெட் சாயம் ஒரு சிறு புட்டியும் வாங்கினால் போதும். ஃபார்மலின் ஏற்கெனவே இருக்கிறது. அந்த அண்ணனே எங்களுக்குக் கற்றுத்தர வேண்டும். ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும். கிழிந்த சீவலைக் கிழிந்தது என்று ரெக்கார்டில் எழுதினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு மூளை கிடைக்கும். அதை வாங்கி வரும் பொறுப்பு என்னுடையது.